நெடுநாள் கழித்து அமெரிக்காவில் விமானம் ஏறுகிறீர்களா? கண்காணிப்புப் பட்டியல் பயத்தைத் தீர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பத்துப் பன்னிரண்டு வருடமாக விமான நிலையப் பக்கமே போகாதவர்கள் டிக்கெட் போட்ட அன்றே தூக்கத்தைத் தொலைப்பதுண்டு. "என் பெயர் ஏதாவது பட்டியலில் இருந்தால்? செக்யூரிட்டி வரிசையில் எல்லோர் கண் முன்னாலும் தனியே கூட்டிப்போனால்?" என்று மனம் அரித்துக்கொண்டே இருக்கும். அது வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. பெயர் ஒற்றுமையால் மாட்டியவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். ஆனால் இந்தச் சரிபார்ப்பு எந்த நேரத்தில், யார் கையில் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயத்தில் முக்கால் பங்கு அங்கேயே கரைந்துவிடும். மீதிக் கால் பங்குக்குச் செய்யவேண்டிய வேலைகள் உண்டு. அவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

சரிபார்ப்பு நடக்கும் நேரம்

வரிசையில் நிற்கும்போது ஓர் அதிகாரி உங்கள் பெயரைப் பட்டியலில் தேடுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. டிக்கெட் போடும்போது முழுப் பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றையும் விமான நிறுவனம் கேட்டு வாங்குகிறது. விமானம் கிளம்ப 72 மணி நேரம் இருக்கும்போதிலிருந்து இந்த விவரங்கள் டி.எஸ்.ஏ. என்கிற போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்குப் போகின்றன. அங்கே 'செக்யூர் ஃப்ளைட்' என்ற அமைப்பு அவற்றைப் பட்டியலோடு ஒப்பிட்டு விமான நிறுவனத்துக்குப் பதில் அனுப்புகிறது. பதில் மூன்றே வகைதான்: போர்டிங் பாஸ் கொடுக்கலாம்; கொடுக்கலாம், ஆனால் கூடுதல் சோதனை உண்டு; கொடுக்கக் கூடாது.

ஆகவே போர்டிங் பாஸ் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்றால் பட்டியல் சரிபார்ப்பு முடிந்துவிட்டது என்று அர்த்தம். விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன்பே, வீட்டில் உட்கார்ந்தபடியே இதைத் தெரிந்துகொள்ள முடியும்.

பழைய அனுபவம் உள்ளவர்களுக்கு ஒரு விஷயம். 2009 வரை இந்த ஒப்பீட்டை விமான நிறுவனங்களே செய்துவந்தன, அதுவும் பெரும்பாலும் வெறும் பெயரை வைத்து. 2004இல் செனட்டர் எட்வர்ட் கென்னடியையே பெயர் ஒற்றுமையால் பலமுறை கவுன்டரில் நிறுத்தினார்கள். 2010 முடிவதற்குள் வேலை முழுவதும் டி.எஸ்.ஏ. கைக்கு வந்தது. பிறந்த தேதியையும் பாலினத்தையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கியதால், பெயர் மட்டும் ஒத்துப்போவதால் வரும் தொல்லை வெகுவாகக் குறைந்தது. 2005இல் பட்ட அவமானத்தை நினைத்து இன்னும் பயந்துகொண்டிருப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் இருப்பவர் யார், இல்லாதவர் யார்

மூலப் பட்டியல் பயங்கரவாதம் தொடர்பானது. 2003இல் தொடங்கப்பட்டு எஃப்.பி.ஐ. நிர்வாகத்தில் இயங்கும் மையம் அதைப் பராமரிக்கிறது. அதன் இரண்டு சிறு பகுதிகள்தான் விமானப் பயணிகளுக்கு முக்கியம். ஒன்று 'நோ ஃப்ளை' பட்டியல். அதில் இருப்பவர் விமானம் ஏற முடியாது. மற்றது 'செலக்டீ' பட்டியல். அதில் இருப்பவர் கூடுதல் சோதனைக்குப் பிறகு ஏறலாம். இவை தவிர, தொற்றும் நிலையில் உள்ள காசநோய், தட்டம்மை போன்ற நோய் உள்ளவர்களைத் தற்காலிகமாக நிறுத்த, 2007 முதல் சுகாதாரத் துறையின் தனிப் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. விமானத்தில் தகராறு செய்தவர்களை விமான நிறுவனங்கள் தாங்களாகவே ஒதுக்கி வைப்பது வேறு கதை. அரசாங்கப் பட்டியலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கிரெடிட் கார்டு பாக்கி, கட்டாத டிராஃபிக் அபராதம், விவாகரத்து வழக்கு, எப்போதோ பேப்பரில் அடிபட்ட பெயர் ஆகியவற்றுக்கெல்லாம் இந்தப் பட்டியல்களில் இடமில்லை. நிலுவையில் இருக்கும் சாதாரண வாரண்டை டி.எஸ்.ஏ. தேடுவதும் இல்லை. ஆனால் விமான நிலையத்தில் போலீஸ் இருக்கிறது. வேறு காரணத்துக்காக உங்கள் அடையாள அட்டையை அவர்கள் சரிபார்த்தால் வாரண்ட் வெளிவரும். வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது எல்லைச் சோதனையிலும் தெரியவரலாம். அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் பயணத்துக்கு முன்பே வழக்கறிஞர் மூலம் தீர்த்துக்கொள்வதுதான் நல்லது. குழந்தைப் பராமரிப்புத் தொகை 2,500 டாலருக்கு மேல் பாக்கி இருந்தால் அமெரிக்கப் பாஸ்போர்ட்டே மறுக்கப்படும். உள்நாட்டுப் பயணத்துக்கு அது தடையில்லை என்றாலும், பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

விசா காலம் முடிந்தவர்கள், நாட்டைவிட்டு வெளியேற்றும் உத்தரவு உள்ளவர்கள் நிலைமை வேறு. உள்நாட்டுப் பயணிகளின் பெயர்கள் குடிவரவு அமலாக்கத் துறைக்கும் போவதாக 2025 இறுதியில் செய்தி வெளியானது. இவர்கள் குடிவரவு வழக்கறிஞரிடம் பேசாமல் டிக்கெட் போட வேண்டாம்.

முதல் வேலை: பெயரைச் சரிசெய்வது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். குறிப்பாக நம்மவர்களுக்கு. இன்ஷியல் முறையில் வளர்ந்த பெயர்கள் அமெரிக்கப் படிவங்களில் நுழையும்போது ஒரே ஆள் நான்கு ஆளாகிவிடுகிறார். இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்து, பெயர் முழுவதும் இயற்பெயர் கட்டத்திலேயே இருப்பது சகஜம். அமெரிக்க விசா ஒட்டும்போது அதை அப்படியே குடும்பப் பெயராக மாற்றி, முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.', அதாவது முதல் பெயர் தெரியவில்லை, என்று போட்டுவிடுவார்கள். டிரைவிங் லைசென்ஸில் அப்பா பெயர் கடைசியில் வந்திருக்கும். பறந்த தூரத்துக்குச் சலுகைப் புள்ளி தரும் விமான நிறுவனத்தின் பழைய மைலேஜ் கணக்கில் வெறும் இன்ஷியல் மட்டும் இருக்கும். நான்கும் நான்கு விதம்.

பயணத்துக்கு மூன்று வாரம் முன்பாவது உட்கார்ந்து இதைச் செய்யுங்கள். செக்யூரிட்டியில் எந்த அடையாள அட்டையை நீட்டப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு அந்த அட்டையை மேஜைமேல் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே எழுத்தெழுத்தாக டிக்கெட்டில் பெயரைப் போடுங்கள். அட்டையில் இன்ஷியல் விரிந்திருந்தால் டிக்கெட்டிலும் விரிக்க வேண்டும். அட்டையில் ஒற்றை எழுத்து மட்டும் இருந்தால் டிக்கெட்டிலும் ஒற்றை எழுத்துதான். ஒரே பெயர் உள்ளவர்கள் இணையதளத்தில் தாங்களாக எதையாவது நிரப்பாமல் விமான நிறுவனத்துக்குப் போன் செய்து கேளுங்கள். சில நிறுவனங்கள் 'எஃப்.என்.யு.' போடச் சொல்லும், சில அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும். அவர்கள் சொன்னதைத் தேதியோடு குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

போர்டிங் பாஸில் முதல் பெயரும் நடுப்பெயரும் ஒட்டிக்கொண்டு, கடைசியில் 'எம்.ஆர்.' என்ற மரியாதை எழுத்துகளும் சேர்ந்து ஒரே நீளச் சொல்லாக அச்சாகியிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். விமான நிறுவனக் கணினிகள் இடைவெளியை விழுங்கிவிடும் பழக்கம் அது. சரிபார்ப்புக்குப் போகும் விவரம் நீங்கள் நிரப்பிய கட்டங்களிலிருந்துதான் போகிறது. நடுப்பெயர் விட்டுப்போனாலும் பெரும்பாலும் தடை வராது. ஆனால் உங்கள் பெயர் பரவலாக வழங்கும் பெயர் என்றால் நடுப்பெயர்தான் உங்களை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டும். அதை விடாமல் போடுங்கள்.

பிறந்த தேதியில் விழும் குழி இன்னும் ஆழமானது. அமெரிக்கப் படிவத்தில் மாதம் முதலில், நாள் அடுத்து. ஜூலை 4ஆம் தேதி பிறந்தவர் நம் வழக்கப்படி 04/07 என்று தட்டினால், அங்கே ஏப்ரல் 7 என்று பதிவாகும். 12ஆம் தேதிக்குள் பிறந்த எல்லோருக்கும் இந்த ஆபத்து உண்டு, ஏனென்றால் கணினி அதைப் பிழை என்று சொல்லாது. 13ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களைத்தான் கணினியே தடுத்துச் சொல்லும். டிக்கெட் உறுதியானதும் உள்ளே போய் மாதத்தின் பெயரோடு தேதி எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். பெயர் ஒற்றுமையிலிருந்து உங்களைக் காப்பாற்றுவதே பிறந்த தேதிதான். அதுவே தவறாகப் போனால் காவல் இல்லாத வீடுபோல ஆகிவிடும்.

அடையாள அட்டை

2025 மே 7 முதல் 'ரியல் ஐடி' விதி, அதாவது மத்திய அரசின் பாதுகாப்புத் தரத்துக்கு ஏற்ற அடையாள அட்டை வேண்டும் என்ற விதி, அமலில் இருக்கிறது. டிரைவிங் லைசென்ஸின் மேல் பகுதியில் நட்சத்திரக் குறி இல்லையென்றால், அந்த அட்டை மட்டும் போதாது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட், கிரீன் கார்டு, வேலை அனுமதி அட்டை, வெளிநாட்டுப் பாஸ்போர்ட் இவற்றில் எதுவானாலும் ஏற்பார்கள்; இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டி உள்நாட்டு விமானம் ஏறலாம். எதுவுமே இல்லாமல் வருபவர்களுக்கு 2026 பிப்ரவரி 1 முதல் 45 டாலர் கட்டி அடையாளத்தைச் சரிபார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. அது பத்து நாளுக்கு மட்டும் பொருந்தும், சரிபார்ப்பு வெற்றிபெறும் என்ற உறுதியும் இல்லை. அதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

சோதனை வரிசையில் விரைவாகப் போக டி.எஸ்.ஏ. தரும் 'பிரீசெக்' அனுமதியை முன்பு எடுத்திருந்தால் அதன் ஆயுள் ஐந்து வருடம். அதற்காகத் தந்த எண் காலாவதியாகி மைலேஜ் கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

24 மணி நேரத்துக்கு முன்: வீட்டிலேயே பதில்

விமானம் கிளம்ப 24 மணி நேரம் இருக்கும்போது ஆன்லைன் செக்-இன் திறக்கும். அந்த நேரத்திலேயே செய்துவிடுங்கள். போர்டிங் பாஸ் வந்து, அதில் ஆங்கில 'எஸ்' எழுத்து நான்கு வரிசையாக இல்லையென்றால் நிம்மதியாகப் பெட்டி கட்டலாம்.

வரவில்லையென்றால் உடனே கண்காணிப்புப் பட்டியல்தான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். வெளிநாட்டுப் பயணம் என்றால் பாஸ்போர்ட்டையும் விசாவையும் கவுன்டரில் நேரில் பார்க்க வேண்டியிருக்கலாம். இரண்டு விமான நிறுவனங்கள் சேர்ந்து விற்ற டிக்கெட்டாக இருக்கலாம். மடியில் குழந்தை இருக்கலாம், சீட் ஒதுக்கப்படாமல் இருக்கலாம். பிறந்த தேதிக் கட்டமே காலியாக இருக்கலாம்; இது அடிக்கடி நடக்கிறது, நிரப்பிய கொஞ்ச நேரத்தில் போர்டிங் பாஸ் வந்துவிடும். இவை எதுவும் இல்லை, 'கவுன்டருக்கு வரவும்' என்று மட்டும் வருகிறது என்றால், வழக்கமாகப் போகும் நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். உள்நாட்டுக்கு மூன்று மணி, வெளிநாட்டுக்கு நான்கு மணி என்று கணக்கு வையுங்கள். கவுன்டர் ஊழியர் உங்கள் அட்டையைப் பார்த்து, போனில் பேசி, பிறந்த தேதியைச் சொல்லிச் சரிசெய்வார். அந்த நேரத்தில் அவர் திரையைப் பார்த்து முகம் சுளித்தால் அதற்கு அர்த்தம் தேட வேண்டாம். எதனால் தாமதம் என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அவர் திரையில் காரணம் வருவதில்லை.

"உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறோம்" என்று காசும் பாஸ்போர்ட் நகலும் கேட்கும் இணையதளங்கள் எல்லாமே ஏமாற்று. அப்படிப் பொதுமக்கள் தேடிப்பார்க்கும் வசதி எங்கும் கிடையாது. தகவல் சட்டத்தின் கீழ் மனுப் போட்டாலும் 'உறுதி செய்யவும் முடியாது, மறுக்கவும் முடியாது' என்ற பதில்தான் வரும்.

நான்கு 'எஸ்' இருந்தால்

இது கூடுதல் சோதனைக்கான குறி. செலக்டீ பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும் வருவதல்ல. கணினி தற்செயலாகப் பொறுக்குவதும் உண்டு. ஒருமுறை வந்ததை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. தொடர்ந்து மூன்று நான்கு பயணங்களில் வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

நடப்பது இதுதான். அடையாளம் பார்க்கும் மேஜையில் அதிகாரி தன் திரையைப் பார்த்துவிட்டு இன்னொருவரை அழைப்பார். பிரீசெக் இருந்தாலும் அன்றைக்குச் செல்லாது. உடல் ஸ்கேனர் முடிந்ததும் உங்கள் பாலினத்தைச் சேர்ந்த அதிகாரி கையால் தடவிச் சோதிப்பார். எங்கே தொடப்போகிறார், கையின் எந்தப் பக்கத்தால் தொடுவார் என்று முன்கூட்டியே சொல்வார். தனியறை வேண்டுமென்றால் கேட்கலாம், உங்களோடு ஒருவரை வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு. உள்ளங்கையில் ஒரு சிறு துணியைத் தேய்த்து வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று இயந்திரத்தில் போட்டுப் பார்ப்பார்கள். பையில் உள்ளதை எல்லாம் எடுத்து, லேப்டாப், போன், கேமரா, சார்ஜர் ஒவ்வொன்றையும் அதேபோலத் துடைப்பார்கள். மின்கருவிகளை இயக்கிக் காட்டச் சொல்லலாம், அதனால் எல்லாவற்றிலும் சார்ஜ் இருக்கட்டும். முடிந்ததும் போர்டிங் பாஸில் முத்திரையோ கையெழுத்தோ விழும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு நகருங்கள். அது இல்லையென்றால் விமானம் ஏறும் வாசலில் மறுபடி நிறுத்துவார்கள். எல்லாவற்றுக்கும் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஒதுக்கிவையுங்கள்.

துணிச் சோதனையில் இயந்திரம் கத்துவதுதான் பலரைக் கலங்கடிக்கும். கிளிசரின் கலந்த ஹேண்ட் கிரீம், செடிக்குப் போட்ட உரம், நெஞ்சுவலிக்குச் சாப்பிடும் நைட்ரோகிளிசரின் மாத்திரை ஆகியவை கையில் ஒட்டியிருந்தால் அப்படி நடக்கும். காலையில் கிரீம் தடவாதீர்கள், கிளம்பும் முன் சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவுங்கள். மாத்திரை டப்பாவை வெளியே எடுத்து வைத்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நெடுநாள் கழித்து வருபவர்கள் மற்ற மாற்றங்களையும் தண்டனை என்று எண்ணிவிடக் கூடாது. பல இடங்களில் போர்டிங் பாஸையே கேட்க மாட்டார்கள், அட்டையை இயந்திரத்தில் செருகினால் போதும். முகத்தைப் படம்பிடிக்கும் கேமரா எல்லோருக்கும் பொதுவானது. வேண்டாம் என்று சொல்லலாம், சொன்னால் கண்ணால் பார்த்து ஒப்பிடுவார்கள். 2025 ஜூலையிலிருந்து பொது வரிசையில் செருப்பு, ஷூ கழற்றத் தேவையில்லை. கைப்பையில் திரவம் ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள் என்ற விதி 2006இலிருந்து அப்படியே இருக்கிறது.

திரும்பத் திரும்ப நிறுத்தினால்: டிரிப் மனு

உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2007இல் 'டிரிப்' என்ற குறைதீர்ப்பு ஏற்பாட்டைத் தொடங்கியது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை. இணையதள முகவரி 'ஜி.ஓ.வி.' என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். படிவத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஏற்ற கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, தேதி, விமான எண், விமான நிலையம், போர்டிங் பாஸ் படம் ஆகியவற்றோடு நடந்ததைச் சுருக்கமாக எழுதுங்கள். கோபத்தையும் ஊகத்தையும் விட்டுவிட்டு நிகழ்ச்சியை மட்டும் எழுதினால் வேலை சீக்கிரம் நகரும். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கம் நான்கு மூலையும் தெரிய, எழுத்து மங்காமல் இருக்க வேண்டும். முன்பு வேறு பெயரில் இருந்தால், திருமணத்துக்கு முந்தைய பெயர் உட்பட, எல்லாவற்றையும் குறிப்பிடுங்கள். பெற்றோர் குழந்தைகளுக்காகவும் மனுச் செய்யலாம்.

உங்களுக்கு ஏழு இலக்க 'ரிட்ரெஸ்' எண், அதாவது குறைதீர்ப்பு எண், ஒன்று கிடைக்கும். ஆய்வு முடிந்து வரும் கடிதம் பட்டியலில் இருந்தீர்களா இல்லையா என்று வெளிப்படையாகச் சொல்லாது, ஏமாற வேண்டாம். மனுச் செய்பவர்களில் சுமார் 98 விழுக்காட்டினருக்குப் பட்டியலோடு எந்தத் தொடர்பும் இல்லை என்று அந்தத் துறையே சொல்கிறது. கடிதம் வந்தபின் ஒவ்வொரு டிக்கெட்டிலும் இந்த எண்ணை நிரப்புங்கள். பலர் இதை மறந்துவிட்டு, மனுப் போட்டும் பயனில்லை என்கிறார்கள். பெயர், பிறந்த தேதி கேட்கும் அதே பக்கத்தில் இதற்கான கட்டம் இருக்கும், சில தளங்களில் ஓர் அம்புக்குறியை அழுத்தினால்தான் விரியும். முன்பே போட்ட டிக்கெட்டில் அது தானாகச் சேராது.

பட்டியலில் தவறே நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு செய்துகொண்டிருந்த மலேசியப் பெண் ரஹீனா இப்ராஹிமை 2005 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் தடுத்துக் காவலில் வைத்தார்கள். சக்கர நாற்காலி தேவைப்படும் நிலையில் இருந்தார் அவர். எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் 2004இல் படிவத்தின் கட்டங்களைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு டிக் அடித்ததுதான் காரணம் என்று 2014 ஜனவரியில் வந்த தீர்ப்பில் வெளியானது. ஒரு கட்டத்தில் விழுந்த பேனாக்குறி ஒரு பெண்ணின் ஒன்பது வருடத்தை விழுங்கிவிட்டது. குறைதீர்ப்பு வழியைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

போர்டிங் பாஸே தரமாட்டோம் என்றால்

மிக அரிது. ஆனால் நடந்தால் கவுன்டரில் வாக்குவாதம் வேண்டாம். முடிவு அவர்கள் கையில் இல்லை. 'யார் மறுத்தது, விமான நிறுவனமா அரசாங்கமா?' என்ற ஒன்றை மட்டும் தெளிவாகக் கேளுங்கள். நேரம், விமான எண், பேசியவர் பெயர் குறித்துக்கொள்ளுங்கள், டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அதிகாரிகள் வந்து தனியே கேள்வி கேட்டால், வழக்கறிஞர் இல்லாமல் பதில் சொல்ல விரும்பவில்லை என்று மரியாதையாகச் சொல்லலாம். அன்றே டிரிப் மனுவைப் போடுங்கள்.

நோ ஃப்ளை பட்டியலை எதிர்த்து 2010இல் தொடுத்த லத்தீஃப் வழக்கில் 2014 ஜூனில் வந்த தீர்ப்புக்குப் பிறகு நடைமுறை மாறியது. விமானம் ஏற மறுக்கப்பட்ட அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் டிரிப் மூலம் கேட்டால், நோ ஃப்ளை பட்டியலில் இருக்கிறார்களா என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்டால், ரகசியம் அல்லாத காரணங்களின் சுருக்கமும் கிடைக்கலாம். பதில் எழுதக் கொடுக்கும் கெடு குறைவு, அதனால் முதல் கடிதம் வந்த நாளே இந்தத் துறையில் பழகிய வழக்கறிஞரைத் தேடுங்கள். வெளிநாட்டில் இருக்கும்போது மாட்டிக்கொண்ட அமெரிக்கக் குடிமக்கள் உடனே தூதரகத்துக்குப் போக வேண்டும். நாடு திரும்ப ஒருமுறைப் பயணத்துக்கு ஏற்பாடு செய்வது அங்கிருந்துதான் தொடங்கும்.

வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது

இறங்கியபின் நடக்கும் குடிவரவுச் சோதனை வேறு துறையின் வேலை, அவர்களுடைய தரவுத்தளமும் வேறு. போர்டிங் பாஸ் தடையில்லாமல் வந்தவரைக்கூடக் கூடுதல் விசாரணைக்கான இரண்டாம் அறைக்கு அனுப்பலாம். பெயர் ஒற்றுமை, பழைய பயணப் பதிவில் உள்ள பிழை, தொலைந்ததாகச் சொல்லிப் பிறகு கண்டெடுத்த பாஸ்போர்ட்டைக் கொண்டுவருவது ஆகியவை வழக்கமான காரணங்கள். தொலைந்ததாகப் புகார் கொடுத்த பாஸ்போர்ட் பின்னால் அலமாரியில் கிடைத்தாலும் அதில் பயணம் செய்யவே கூடாது. நீண்ட நாள் கழித்துப் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டைத் தேடி எடுப்பவர்கள் கையில் இருப்பது பழையதா, அதற்குப் பதிலாக வாங்கிய புதியதா என்று எண்ணைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். இந்த அறையில் திரும்பத் திரும்ப உட்கார வைத்தாலும் அதே டிரிப் படிவம்தான். குடிவரவுச் சோதனை பற்றிய கட்டத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்த பயணம் தள்ளி இருக்கும்போதே போட்டுவிடுங்கள், பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம்.